புகைக்கூடத்துக்கு முந்திய காவல்

மாத்தளை மாவட்டத்தில் எல்கடுவவையும் அதைச் சூழ்ந்த மலைச்சரிவுகளையும் பெருந்தோட்டங்களாக்கிய வரலாற்றில், எந்தப் பயிர் நிலைக்கும், எது அழியும் என்பதைத் துரைமாரைவிடப் பூஞ்சணமே பெரிதும் தீர்மானித்தது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட கோப்பித் துருநோய், மன்னார்க் கரையிலிருந்து வடபாதை வழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் காடழித்து உண்டாக்கிய கோப்பித் தோட்டங்களைச் சுமார் இருபது ஆண்டுகளில் வீழ்த்தியபோது, உயர்ந்த நிலங்களைத் தேயிலை பிடித்துக்கொள்ள, தாழ்ந்த சரிவுகளின் ஒரு பகுதி கொக்கோவுக்கும் பின்னர் ரப்பருக்கும் உரியதாயிற்று. எல்கடுவவின் பெயரைத் தாங்கிய அரச பெருந்தோட்டக் கம்பனியின் பொறுப்பிலும் தேயிலையோடு ரப்பர் இடம்பெற்றது.

ஹென்றி விக்காம் 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளுள் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. ஆயினும் மோட்டார் வண்டியின் டயர்த் தேவை பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அம்மரம் வணிகப் பயிராக வேரூன்றியது.

விடியற்காலையில் பால்வெட்டும் தொழிலாளி மரப்பட்டையைச் சீவிச் சிரட்டையில் சேர்க்கும் பால், வெட்டுவாயை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. சிரட்டையிலும் வாளியிலும் தொட்டியிலும் முந்திய நாளின் பாலெச்சம் ஒட்டியிருந்தால், அதில் பாக்டீரியாக்கள் படலமாகப் படிந்து, புதுப் பாலிலுள்ள சர்க்கரைகளை அமிலமாக்கி, தோட்டத் தொழிற்சாலையான ஸ்டோரை அடையுமுன்பே பாலைத் திரளச் செய்துவிடும். மேற்பரப்புகளில் உயிர்கள் இவ்வாறு பற்றிப் படர்ந்து கேடு செய்வதையே அறிவியலாளர் உயிர்ப்படிவு என்பர். கப்பலின் அடிப்பகுதியில் சிப்பிகள் படிவதும் அதன் பாற்பட்டதே. பாலை அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் அழுத்திய ரப்பர்த் தகடான ஷீட்டும் உயிர்ப்படிவுக்குத் தப்புவதில்லை. ஈரம் முற்றாக நீங்காத ஷீட்டில் பூஞ்சணம் பூக்கும். பூஞ்சணம் கண்ட ஷீட்டின் தரமும் விலையும் இறங்கும். ஆதலால் நாட்கணக்கில் விறகுப்புகையில் ஷீட்டைத் தொங்கவிடும் புகைக்கூடம் தோட்டந்தோறும் எழுந்தது. வெப்பம் ஈரத்தைப் போக்க, புகையிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் பூஞ்சணத்தைத் தடுத்தன. இலங்கை 1952இல் சீனாவுடன் ரப்பருக்கு அரிசி பெறும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது கடல் கடந்து சென்றதும் இத்தகைய ஷீட் ரப்பரே. தோட்ட வரலாற்றை விலையேற்ற இறக்கங்களாலேயே எழுதும் வழக்கம், வாளிகளைக் கழுவியும் ஷீட்டைத் துடைத்தும் அந்த விலையைக் காத்த கைகளைக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் மரம் தன் பாலிலேயே ஒரு காவலை வைத்திருந்தது. ஹெவீன் எனப்படும் அது, புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் 43 மட்டுமே கோர்த்த சிறு சங்கிலி. இத்தகைய குறும்புரதங்களே பெப்டைடுகள் எனப்படுகின்றன. பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகளில் அது செறிந்திருக்கிறது. பட்டை காயப்பட்டு அப்பைகள் உடையும்போது வெளிப்பட்டு, ரப்பர்த் துகள்களைத் திரளச் செய்து காயத்தை அடைக்கத் துணைபுரிகிறது. 1960இல் படிகநிலையில் பிரித்து விவரிக்கப்பட்ட ஹெவீன், பூஞ்சணங்களின் செல்சுவரிலுள்ள கைட்டினைப் பற்றிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது 1991இல்தான் நிறுவப்பட்டது. அதாவது, ஷீட்டுக்காகப் பால் உறையும்போது பிரியும் நீரோடு பூஞ்சண எதிரியின் பெரும்பங்கை வாய்க்காலில் விட்டுவிட்டு, அதன் வேலையைச் செய்ய விறகை எரித்துக்கொண்டிருந்தன தோட்டங்கள். எனினும் இக்காவலுக்கு எல்லையுண்டு: ரப்பர் மரத்தின் பட்டையழுகலுக்கும் இலையுதிர்வுக்கும் காரணமான பைட்டோப்தொராவின் செல்சுவர் பெரும்பாலும் குளுக்கன்களாலும் செல்லுலோஸாலும் ஆனது என்பதால், கைட்டினை நாடும் பெப்டைடுக்கு அங்கே பிடிமானம் குறைவு.

ஹெவீனைப் போலவே நுண்ணுயிர்களை எதிர்க்கும் பெப்டைடுகளான செக்ரோபின் பூச்சியிலிருந்தும் மாகைனின் தவளைத் தோலிலிருந்தும் 1980களில் கண்டறியப்பட்ட பின், நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகளை மேற்பரப்புகளில் வேதிப்பிணைப்பால் பதித்து உயிர்ப்படிவை முளையிலேயே தடுக்கும் ஆய்வு வளர்ந்தது. சிறுநீர் வடிகுழாய்கள், பற்பதியங்கள், கடல்நீர் வடிகட்டிகள் முதலியன அதன் இலக்குகள். விலையும், புரதங்களை அரிக்கும் நொதிகளும் அதன் தடைகள். ஹெவீனுக்கோ இவற்றினும் பெரிய தடையொன்று உண்டு: ரப்பர்க் கையுறை அணிவோருக்கு ஒவ்வாமை உண்டாக்கும் முதன்மைப் புரதங்களுள் அதுவும் ஒன்று. ஆகையால் அதை மருத்துவக் கருவிகளின் காப்புப் பூச்சாக முன்வைப்போர் முதலில் விடை கூறவேண்டியது அந்த ஒவ்வாமைக்கே.