சென்னை மாநகராட்சி

1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்படுத்திய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி. தலைமையகம் ரிப்பன் மாளிகை. 200 வார்டுகளின் வாக்காளர்கள் தலா ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கின்றனர். பாதி இடங்கள் பெண்களுக்குரியவை. மாநிலத் தேர்தல் ஆணையமே தேர்தலை நடத்துகிறது. மேயரை 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2022இல் கவுன்சிலர்கள் ஆர். பிரியாவைப் போட்டியின்றி மேயராகத் தேர்ந்தெடுத்தனர். இப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளிகள் இதன் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம் உள்ளன. அன்றாட நிர்வாகம் அரசு நியமிக்கும் ஆணையரின் கையில். 1973இல் கலைக்கப்பட்ட கவுன்சிலர்கள் மன்றம் 1996 வரை மீளவில்லை. 2016இல் பதவிக்காலம் முடிந்தபின்னும் ஐந்தாண்டுக்கு மேல் தேர்தல் இல்லை. குறைசொல்லக் கவுன்சிலரே இல்லாத அந்த ஆண்டுகள் நகரத்துக்குப் பேரிழப்பு.