ஸ்புட்னிக்கின் பீப் ஒலி

1957 அக்டோபர் 4 இரவு. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், ரிவர்ஹெட் என்ற ஊரிலிருந்த ஆர்.சி.ஏ. வானொலி நிலையம் ஓர் ஒலியைப் பிடித்தது. பீப், பீப், பீப். சற்று நேரத்தில் என்.பி.சி. அதை அமெரிக்கா முழுவதும் ஒலிபரப்பியது. சோவியத் ஒன்றியம் அன்று ஏவிய முதல் செயற்கைத் துணைக்கோளான ஸ்புட்னிக்கின் குரல் அது என்று எல்லோரும் சொன்னார்கள். நாமும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறோம்.

உண்மையில் அந்த ஒலி விண்வெளியில் எங்கும் இருந்ததில்லை. வானொலி அலை ஒளியைப் போன்றதொரு மின்காந்த அலை, காதுக்கு எட்டாதது. 58 செ.மீ. விட்டமுள்ள அந்த உருண்டை செய்ததெல்லாம், ஒரு வாட் ஆற்றலுடைய கருவியால் ஏறத்தாழ 0.3 விநாடி அலையை அனுப்புவதும் அதே அளவு நேரம் நிறுத்துவதும்தான். (மொத்த எடையான 83.6 கிலோவில் 51 கிலோ மின்கலங்கள்!) தரையிலிருந்த வானொலிப் பெட்டி தனக்குள் இன்னோர் அலையை உண்டாக்கி, இரண்டின் அதிர்வெண் வேறுபாட்டை ஒலியாக மாற்றித் தந்தது. குமிழைச் சற்றுத் திருகினால் ஒலி உயரும், தாழும். அவரவர் கேட்டது அவரவர் பெட்டியின் பீப்.

பொருளும் அப்படியே. அமெரிக்கப் பொதுமக்கள் அதில் அணுகுண்டைக் கேட்டனர். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. கோளை ஏற்றிச் சென்ற ஆர்-7 கண்டம் விட்டுக் கண்டம் பாய்வதற்கென்றே உருவாக்கப்பட்ட ஏவுகணை. மாஸ்கோவிலோ, பிராவ்தா நாளிதழ் முதல் நாள் அடக்கமாகத்தான் செய்தி வெளியிட்டது. உலகம் அதிர்ந்ததைப் பார்த்த பிறகே அக்டோபர் 6 அன்று முதல் பக்கத்தைத் திறந்துவிட்டது. தன் சாதனையின் பொருளை ஓர் அரசு அயலார் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது வேடிக்கைதான்.

சோவியத் பொறியாளர்களுக்கு அது வேறொன்று. கோளுக்குள் அழுத்தம் குறைந்தாலோ வெப்பநிலை வரம்பு மீறினாலோ துடிப்பின் நீளம் மாறும்படி அமைத்திருந்தார்கள். மாறாத பீப் என்றால் நலம் என்று பொருள். உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலி ஆர்வலர்களும் கேட்கட்டும் என்றே 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணைத் தேர்ந்து, முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள்.

ஆனால் நினைத்தே பார்க்காத பொருளைக் கண்டவர்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தின் இரண்டு இளம் இயற்பியலாளர்கள்: வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக். கோள் நெருங்கும்போது ஒலியின் சுருதி உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்டது. ரயில் ஊதல் நம்மைக் கடந்து போகையில் மாறுவதைப் போல. இந்த டாப்ளர் மாற்றத்தை மட்டுமே வைத்து, ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே கோளின் பாதையைக் கணித்துவிட்டார்கள். யாரும் அவர்களிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை.

1958 மார்ச்சில் ஆய்வகத்தின் மூத்த அறிவியலாளர் ஃபிராங்க் மக்ளூர் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். கோளின் பாதை தெரிந்திருந்தால், கேட்பவர் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க முடியுமல்லவா? பொலாரிஸ் ஏவுகணைகளைச் சுமக்கவிருந்த நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். அப்படிப் பிறந்த டிரான்சிட் அமைப்பு 1964 முதல் அமெரிக்கக் கடற்படைக்கு வழிகாட்டியது. ஜி.பி.எஸ். வந்தபின் 1996இல் அதன் வழிகாட்டும் பணி முடிந்தது.

ஸ்புட்னிக்கின் மின்கலங்கள் 1957 அக்டோபர் 26 அன்றே தீர்ந்துவிட்டன. பிறகும் அது ஓசையின்றிச் சுற்றிக்கொண்டிருந்து, 1958 ஜனவரி 4இல் காற்றுமண்டலத்தில் எரிந்தது.