நடராஜர் கால்விரலும் தும்பா மாதா கோயிலும்



ஆருத்ரா தரிசனம் நெருங்குகிறது. வழக்கம்போல அந்தச் செய்தியும் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. மேல்நாட்டு விஞ்ஞானிகள் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்து, சிதம்பரம் நடராஜரின் கால் பெருவிரல்தான் பூமியின் காந்தப் புலத்துக்கு மையப்புள்ளி என்று கண்டுபிடித்தார்களாம். ஆராய்ந்தவர் பெயர் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை, ஆண்டு இல்லை. கீழே மட்டும் வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் தில்லைக்கூத்தனைக் கும்பிடுகிறவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காந்த நடுக்கோடு என்பது புள்ளி அல்ல, பூமியைச் சுற்றி ஓடும் கோடு. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கும் இடங்களைச் சேர்த்தால் கிடைப்பது. பெருவிலும் ஆப்பிரிக்காவிலும்கூட அது போகிறது. போதாததற்கு ஆண்டுதோறும் மெல்ல நகரவும் செய்கிறது. கோயில் நகராது. இந்தியாவில் அந்தக் கோடு தென்கோடியில், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் போவதால்தான் விக்ரம் சாராபாய் தும்பா என்ற மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த மகதலேனா மாதா கோயிலையும் பிஷப் இல்லத்தையும் ஊர் மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21-இல் நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. சிதம்பரம் அதற்கு வடக்கே ஏறக்குறைய மூன்று பாகை தள்ளி, அதாவது 300 கிலோமீட்டருக்கு மேல். கால்விரல் கதை உண்மையானால் சாராபாய் நம் பரங்கிப்பேட்டை கடற்கரைக்கல்லவா வந்திருப்பார்!

ஆனால் அதே செய்தியில் இன்னொன்றும் உண்டு. சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளஹஸ்தி மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன என்பது. கைப்பேசி வரைபடத்தில் பாருங்கள். மூன்றும் 79.69, 79.70 பாகையை ஒட்டியே வரும். வித்தியாசம் ஒரு கிலோமீட்டருக்குள்தான். இது வியப்பான விஷயம், மறுக்க மாட்டேன். மற்ற இரண்டு பஞ்சபூதத் தலங்கள் அந்தக் கோட்டில் இல்லை (திருவண்ணாமலை 79.07, திருவானைக்காவல் 78.71) என்பதைச் செய்தி சொல்லாது. சரிபார்க்கிறவர் இந்த ஒன்றைச் சரிபார்த்து, மீதியையும் நம்பிவிடுகிறார். வாழைப்பழத்தில் ஊசி என்பது இதுதான்.

இதே நடராஜரைப் பற்றி வேறு ஊர்க் குழுக்களில் என்ன ஓடுகிறது தெரியுமா? ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த நடராஜர் சிலை 2004 ஜூன் 18-இல் திறக்கப்பட்டது. 2016-இல் அந்தச் சிலையின் முன் அங்கி போட்டவர்கள் நள்ளிரவில் ஒரு பெண்ணை நரபலி கொடுப்பதுபோல ஒரு வீடியோ பரவியது. யாரோ விளையாட்டுக்கு எடுத்த நாடகம். அனுமதி பெறாமல் நடந்தது என்று செர்ன் அறிவித்தது. ஆனாலும் விஞ்ஞானிகள் அழிவுத் தெய்வத்தை வழிபடுகிறார்கள் என்று நம்பும் கூட்டம் மேலைநாட்டில் இன்றும் உண்டு. அவர்கள் குழுவில் மறுப்பு நுழைவதில்லை, நம் குழுவிலும் நுழைவதில்லை. அங்கே பயம், இங்கே பெருமை. நம் சாமியைப் பேய் என்று சொல்லும் அந்த வீடியோவுக்கு ஆதாரம் கேட்க நமக்கு வாய் வேண்டுமானால், கால்விரல் செய்திக்கும் கேட்டிருக்க வேண்டாமா?

குழுவிலேயே மறுத்தால் அனுப்பியவருக்குத் தலைகுனிவு. ஆகவே நான் தனியாகப் போன் போட்டு, "எந்த வருஷம்பா, யார் கண்டுபிடிச்சது?" என்று மட்டும் கேட்பேன். இரண்டு பேர் தாங்களாகவே எடுத்துவிட்டார்கள். ஒரு பழைய மாணவர் மட்டும், "பக்தியைக் கெடுக்காதீங்க சார்" என்றார்.

பராந்தக சோழன் பொன் வேய்ந்ததைச் செப்பேடு சொல்கிறது. கீழைக் கோபுர வாயிலில் 108 கரணங்களும், அவற்றுக்கு உரிய நாட்டிய சாஸ்திர சுலோகங்களும் கல்லிலேயே இருக்கின்றன. அந்த மாணவரிடமும் சொல்லிவிட்டேன்: தரிசனத்துக்கு வருகிறவர்கள் முன்னாடியே சொல்லுங்கள், கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் நானும் வருகிறேன், வாயிலில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். கழுத்துதான் கொஞ்சம் வலிக்கும்.