சேரபாதமும் ஆன்பொருநையும்: வடமொழித் தொன்னூல்களின் குடிப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் அடையாளங்காணல்

ஆய்வுச் சுருக்கம்

வடமொழித் தொன்னூல்களில் வரும் குடிப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் தமிழகத்தின் குடிகளோடும் ஆறுகளோடும் பொருத்திக் காட்டும் முயற்சிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருகின்றன. அவற்றுள் ஐதரேய ஆரண்யகத்தின் ‘சேரபாத’ என்னும் சொல்லைச் சேரர் எனக் கொள்ளும் கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. அசோகர் கல்வெட்டின் சதியபுத்திரர், அர்த்தசாத்திரத்தின் சூர்ணி, புராணங்களின் கிருதமாலை, வஞ்சுளை ஆகிய அடையாளங்களோடு அதனை ஒப்பிட்டு, மடத்துக்குளத்தை ஒட்டி ஓடும் அமராவதியாகிய ஆன்பொருநைக்கு இவ்வழக்கில் உள்ள இடத்தை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: சேரபாதம், கேரளபுத்திரர், சதியபுத்திரர், ஆன்பொருநை, சூர்ணி, கரைவழி நாடு.

முன்னுரை

உடுமலைப்பேட்டையிலிருந்து பழனி செல்லும் நெடுஞ்சாலை மடத்துக்குளத்தை ஒட்டி அமராவதி ஆற்றைக் கடக்கிறது. ஆனைமலைத் தொடரில் பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவற்றின் நீரைத் திரட்டிக்கொண்டு இறங்கும் இவ்வாறு, குமரலிங்கம், கொழுமம் வழியாக மடத்துக்குளத்தை அடைந்து, கணியூர், கடத்தூர், தாராபுரம் கடந்து கரூருக்குக் கீழே திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. சங்க நூல்கள் இதனை ஆன்பொருநை என்கின்றன. தலபுராண வழக்கில் ஆம்பிராவதி என்னும் பெயர் உண்டு. இன்று மக்கள் வழக்கில் இருப்பது அமராவதி என்னும் பெயரே.

மூன்று பெயர்களுள் இரண்டு வடசொல் வடிவின. ஆகவே இவ்வாறு வடமொழித் தொன்னூல்களிலேயே பேசப்பட்டிருக்கும் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. இதன் கரையில் ஆண்ட சேரர் வேத இலக்கியத்தில் இடம்பெற்றிருப்பதாக வரலாற்று நூல்கள் சில எழுதியிருப்பது அந்த எண்ணத்துக்கு வலுவூட்டுகிறது. சேர மரபின் தொன்மையைக் கணிக்கும்போது இக்கூற்று ஒரு காலச் சான்றாகவே கையாளப்படுகிறது. சான்று தளர்ந்ததாயின் அதன்மேல் எழுப்பிய காலக்கணிப்பும் தளரும் என்பதால் அதனை முதலில் நோக்கவேண்டும்.

சேரபாதர் யார்?

ஐதரேய ஆரண்யகத்தின் இரண்டாம் ஆரண்யகத் தொடக்கத்தில், நெறி கடந்து சென்ற மூவகை உயிர்களைப் பற்றிப் பேசும் ஓர் இருக்கு வேத அடிக்கு விளக்கம் வருகிறது. அவ்விளக்கத்தில் பறவைகளைக் குறிக்கும் சொல்லை அடுத்து வங்க, அவகத, சேரபாத என்னும் சொற்கள் தொடர்ந்து நிற்கின்றன. வங்கர், மகதர், சேரர் ஆகிய மூன்று குடிகளை ஆரியர் பறவைகளுக்கு ஒப்பிட்டு இழித்துரைத்தனர் என்பது வரலாற்று நூல்களில் பரவியுள்ள விளக்கம்.

இதில் கவனிக்கவேண்டிய முதற்செய்தி, நடுச்சொல் ‘மகத’ அன்று, ‘அவகத’ என்பது. மூன்றையும் குடிப்பெயர்களாக்க வேண்டுமானால் மூலபாடத்தைத் திருத்தியாக வேண்டும். திருத்திய பாடத்தின்மேல் நிற்கும் அடையாளத்தைத் திருத்தாத பாடத்தின்மேல் நிற்பதுபோல் எடுத்தாள்வது முறையாகாது.

அதனினும் முக்கியமானது சொற்பிரிப்பு. வடமொழியில் ‘ச’ என்பது ‘உம்’ என்னும் பொருள் தரும் இடைச்சொல். ‘அவகதா:’ என்பதை அடுத்துச் ‘சேரபாதா:’ வந்தாலும், ‘ச’ என்னும் இடைச்சொல்லும் ‘ஈரபாதா:’ என்னும் பெயரும் வந்தாலும், புணர்ச்சியில் கிடைக்கும் ஒலி ஒன்றே. அகரமும் ஈகாரமும் சேர்ந்து ஏகாரமாகும் என்பது வடமொழிப் புணர்ச்சியின் அடிப்படை விதி. சாயணர் இரண்டாவது பிரிப்பையே கொண்டார். அவர் உரைப்படி வங்க என்பது மரங்கள். அவகத என்பது நெல், வாற்கோதுமை போன்ற பயிர்கள். ஈரபாத என்பது மார்பால் ஊரும் பாம்புகள். ஆனந்ததீர்த்தரோ இவற்றைப் பிசாசர், இராக்கதர், அசுரர் எனக் கொண்டார். 1879இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் அடிக்குறிப்பில் மாக்சு முல்லர் இவ்வுரைகளை எடுத்துக்காட்டிவிட்டு, இவை பழைய குடிப்பெயர்களாகவும் இருக்கலாம் என்று ஓர் ஐயக்குறிப்பாக மட்டும் எழுதினார். அந்த ‘இருக்கலாம்’ பின்வந்தோர் கையில் ‘ஆகும்’ என மாறியது.

உரைகாரர் காலத்தால் மிகப் பிந்தியவர். மூலத்தின் பொருளை அவர் இழந்திருக்கக் கூடும் என்று வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் ஒலியியல் நோக்கில் வேறொரு தடை எழுகிறது. திராவிட மொழிகளில் முன்னுயிருக்கு முன் வரும் சொன்முதற் ககரம் தமிழில் சகரமாகத் திரிந்தது. கன்னடத்தில் ககரமாகவே நின்றது. தமிழின் ‘செவி’, கன்னடத்தின் ‘கிவி’ என்பன அறிந்த இணை. சேரர் பெயரை வடபுல மூலங்கள் எவ்வாறு எழுதின என்று பார்ப்போம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டுகளில் கிர்நார் பாறை ‘கேதலபுதோ’ என்கிறது. மான்செரா பாறை ‘கேரளபுத்ர’ என்கிறது. பாணினி சூத்திரத்துக்குக் காத்யாயனர் எழுதிய வார்த்திகம் சோழர் முதலியோரைச் சுட்ட, அதனை விளக்கும் பதஞ்சலி ‘கேரள’ என்பதையும் எடுத்துக்காட்டாகத் தருகிறார். கிரேக்க, உரோமானிய நூலாரும் அவ்வாறே. பிளினியின் கேலோபோத்ராசு, பெரிப்ளூசு நூலின் கேப்ரோபோதோசு, தாலமியின் கேரோபோத்ரோசு ஆகிய அனைத்தும் ககர முதலின.

ஆக, அசோகருக்கு முற்பட்ட ஒரு வேத நூல் மட்டும் தமிழில் திரிந்த சகர வடிவத்தை அறிந்திருக்க, அதற்குப் பல தலைமுறை பிந்திய நூல்களெல்லாம் ககர வடிவத்தையே எழுதின என்று கொள்ளவேண்டி வருகிறது. வட்டார வழக்குகள் இரண்டும் ஒருங்கே நிலவியிருக்கலாம் என்பது மறுமொழியாக அமையலாம். எனினும், திருத்திய பாடம், இரட்டுறும் சொற்பிரிப்பு, தனித்து நிற்கும் ஒலிவடிவம் என மூன்று சலுகைகளை ஒருசேர வேண்டும் அடையாளத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஐதரேய பிராமணத்தில் விசுவாமித்திரரின் சாபம் பெற்ற மக்களாகக் கூறப்படும் ஆந்திரர், புண்டரர், சபரர், புலிந்தர், மூதிபர் பட்டியலும் தமிழகக் குடிகளைத் தொடவில்லை என்பது இங்கு நினைக்கத் தக்கது.

சதியபுத்திரரும் சம்பைக் கல்வெட்டும்

பெயரொப்புமை எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கும், சரியான அடையாளம் எவ்வாறு உறுதிப்படும் என்பதற்கும் சதியபுத்திரர் வழக்கே தக்க சான்று. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரரையும் குறிக்கிறது. இவரைச் சத்தியமங்கலத்தோடு இணைத்தோர் உண்டு. சத்தியவிரத க்ஷேத்திரம் என்னும் பெயரால் காஞ்சிபுரத்தைச் சுட்டியோர் உண்டு. மராட்டியத்தின் சாத்புதே என்னும் குடிப்பெயரைக் காட்டியோரும் உண்டு. வாய்மொழி தவறாக் கோசரே சத்தியத்தின் புதல்வர் என்ற கருத்தும் எழுந்தது. ஒவ்வொன்றும் ஓரொலியையோ ஒரு பொருளையோ மட்டும் பற்றி எழுந்ததே.

கே.ஜி. சேஷையர் சதியபுத்திரரைத் தகடூர் அதியமானோடு பொருத்தினார். 1981இல் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் ‘சதியபுதோ’ என்ற அடைமொழியோடு குறித்தது. அசோகர் காலச் சொல்லும் சங்கப் புலவர் பாடிய குடிப்பெயரும் ஒரே கல்லில், ஒரே மனிதனுக்கு உரியவையாக வந்தபின் வழக்கு முடிந்தது. இதனால் மற்றொரு செய்தியும் தெளிவாயிற்று. சேரமான், அதியமான் என்பவற்றின் ஈறு ‘மகன்’ என்பதன் திரிபு. வடபுலத்தார் அதனைப் ‘புத்திர’ என மொழிபெயர்த்துக் கொண்டனர். கேரளபுத்திரர் என்பது சேரமான் என்பதற்கு நேர்.

ஆறுகள்: முத்தின் வழியே வந்த பெயர்கள்

ஆறுகளைப் பொறுத்தவரை அடையாளங்காணல் சற்று எளிது; ஆறு இருந்த திசை பெரும்பாலும் நூலிலேயே இருக்கும். வால்மீகி இராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில் தென்திசை செல்லும் வானரர்க்குச் சுக்கிரீவன் வழி கூறும்போது, காவிரி, அதற்குத் தெற்கே மலயமலை, பின் தாமிரபரணி, பின் பாண்டியர் கவாடம் எனும் வரிசை வருகிறது. இங்குத் தாமிரபரணி திருநெல்வேலியின் ஆறே என்பதில் ஐயமில்லை. ஆனால் அசோகர் கல்வெட்டின் தம்பபம்னியை இலங்கை எனக் கொள்வதே பெருவழக்கு. ஒரே பெயர் ஒரு நூலில் ஆறாகவும் மற்றொன்றில் தீவாகவும் நிற்கிறது.

அர்த்தசாத்திரம் முத்து வகைகளைப் பிறப்பிடத்தால் பெயரிடுகிறது. அவற்றுள் தாமிரபரணிக முத்தும் பாண்டியகவாடக முத்தும் தென்பாண்டிக் கடற்கரைக்கு உரியன. ‘சௌர்ணேய’ என்பது சூர்ணி ஆற்றின் முத்து. கேரள நாட்டில் முரசி என்னும் ஊரை அடுத்து ஓடுவது சூர்ணி என்பது உரை மரபு. அகநானூற்றின் 149ஆம் பாடல் முசிறியைச் ‘சுள்ளி’ என்னும் பேரியாற்றின்கண் வைத்துப் பாடுகிறது. சூர்ணியும் சுள்ளியும் ஒலியால் மட்டும் ஒத்திருந்தால் அது வெறும் ஊகமே. ஆற்றின் பெயரும் அதன் கரையிலுள்ள துறையின் பெயரும் இருமொழி மரபிலும் இணையாகவே வருவதால் இவ்வடையாளம் நிலைபெறுகிறது. இவ்வாறு இருமுனையும் கட்டப்பட்ட அடையாளங்கள் மிகச் சிலவே உள்ளன.

கிருதமாலையின் நிலை வேறு. மலயமலையில் பிறக்கும் ஆறாகத் தாமிரபரணியோடு சேர்த்துப் புராணங்கள் இதனைக் கூறுகின்றன. பாகவதத்தில் திராவிட மன்னன் சத்தியவிரதன் கையில் மீன் வந்தது இவ்வாற்றில்தான். மதுரையின் வையையே கிருதமாலை என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. ஆனால் கிருதுமால் என்னும் பெயர் இன்று வையைக்கு இல்லை. மதுரை நகரினூடே ஓடிக் கழிவுநீர் சுமக்கும் வேறொரு சிற்றாற்றுக்கே உள்ளது. பெயர் வழக்கில் தப்பிப் பிழைத்திருப்பதாலேயே பழைய இடத்தில் பிழைத்திருக்கிறது என்று கொள்ள முடியாது.

கொங்கு நாட்டாரைக் கவரக்கூடிய பெயர் வஞ்சுளை. சையமலையில் பிறக்கும் ஆறுகளின் வரிசையில் மச்ச புராணம் இதனைக் காவிரியோடு சேர்த்துச் சொல்கிறது. வஞ்சுளம் நீரோரத் தாவரங்களைக் குறிக்கும் வடசொல். தமிழில் வஞ்சியும் மரஞ்செடியின் பெயர். சேரர் தலைநகரின் பெயரும் அதுவே. சையத்தில் பிறந்து வஞ்சியை அடைந்து காவிரியில் கலப்பது ஆன்பொருநை. இவற்றை அடுக்கிப் பார்த்தால் வஞ்சுளையே ஆன்பொருநை என்று எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் புராண வரிசையில் அது கோதாவரி, பீமரதி, கிருஷ்ணவேணி ஆகியவற்றை அடுத்து, துங்கபத்திரைக்கு முன்னே நிற்கிறது. அதனைக் கோதாவரியின் கிளையாகிய மஞ்சிராவாக அறிஞர் கொண்டது இவ்வரிசையோடு இயைகிறது. வரிசையைப் புறக்கணித்து ஒலியை மட்டும் எடுத்துக்கொள்வது சத்தியமங்கலம் நோக்கிச் சென்ற அதே வழி.

ஆன்பொருநையின் சான்றுகள்

அவ்வாறாயின் தொன்மையான வடமொழி நூல்களில் ஆன்பொருநை இல்லை என்றே கொள்ளவேண்டும். அமராவதி என்னும் சொல் அந்நூல்களில் இந்திரன் நகரைக் குறிக்கும். இந்த இன்மைக்குக் காரணமும் தேடலாம். காவிரி புனிதநீராக அறியப்பட்டது. தாமிரபரணியும் சூர்ணியும் முத்தால் அறியப்பட்டன. ஆன்பொருநையோ கடலைக் காணாத ஆறு. முத்தும் துறைமுகமும் அதற்கு இல்லை. காவிரியில் கலந்தபின் அதன் பெயரும் காவிரியே. வடபுலத்தார் பார்வை தென்னாட்டின் கரையோரமாகவே வந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தமிழ்ச் சான்றுகளோ குறைவற்றன. அகநானூற்றின் 93ஆம் பாடல் சேரன் கோதையின் கருவூர்த் துறையையும் ஆன்பொருநை மணலையும் ஒன்றாகக் கூறுகிறது. புறநானூற்றின் 36ஆம் பாடல் கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது பாடப்பட்டது. அதிலும் இவ்வாற்றின் மணல் வருகிறது. 11ஆம் பாடலில் வஞ்சியை அடுத்து வருவது ‘தண்பொருநை’. திருநெல்வேலிப் பொருநையை எண்ணுவோர் இங்குத் தடுமாறுவர்; பாடல் பாலைபாடிய பெருங்கடுங்கோவைப் பற்றியதாதலால் இது சேரர் ஆறே. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார்மலைக் கல்வெட்டுகளில் ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையும், கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனும் குறிக்கப்படுகின்றனர். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து மாக்கோதை, கொல்லிப்பொறை முதலிய பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்னும் நெடிய விவாதத்தில் இரா. இராகவையங்கார் கரூரையும், ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் கொடுங்கல்லூரையும் ஆதரித்தனர். அவ்விவாதம் நிகழ்ந்த காலத்தில் இக்காசுகள் கிடைத்திருக்கவில்லை.

மடத்துக்குளம் பகுதிக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் இதனோடு சேர்த்து நோக்கத் தக்கது. கொழுமம், கடத்தூர் ஆகிய ஊர்க் கோயில்களின் இடைக்காலக் கல்வெட்டுகள் இந்நிலப்பகுதியைக் கரைவழி நாடு என்கின்றன. ஆற்றின் பெயரைச் சொல்லாமல் அதன் கரையை மட்டும் சொல்லி ஒரு நாட்டுக்குப் பெயரிட்டுள்ளனர். எந்த ஆற்றின் கரை என்று அங்கு யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கொங்குச் சோழர் காலத்தில் அரசாணையிலும் கோயிற்கொடையிலும் புழங்கிய பெயர் இதுவே.