போவிஸ் கோட்டைக்கு ஒருநாள்

ஒருநாள் சுற்றுலாவுக்கு உகந்த இடம் வேல்ஸில் வெல்ஷ்பூல் நகரருகே உள்ள போவிஸ் கோட்டை. 13ஆம் நூற்றாண்டில் வெல்ஷ் சிற்றரசர் ஒருவர் எழுப்பியது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. அங்கத்தவர்கள் தோட்டத்தைக் கண்டு களிக்கலாம். ஆனால் அதோடு திரும்பிவிடலாகாது.

1751இல் ஆற்காட்டைக் கைப்பற்றிய ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், 1784இல் இக்கோட்டைக் குடும்பத்து ஹென்ரியெட்டாவை மணந்தார். 1798இல் சென்னைக் கவர்னரானார். மறு ஆண்டே ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். 1800இல் ஹென்ரியெட்டா தம் புதல்வியருடன் ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சை எனப் பயணம் செய்து பொருட்கள் சேகரித்தார்.

திப்புவின் பூ வேலைப்பாடுள்ள கூடாரமும், அவரது சிம்மாசனத்தை அலங்கரித்த பொற்புலித் தலையும் இன்று இக்கோட்டையில் உள்ளன. அக்கூடாரம் பிற்காலத்தில் தோட்ட விருந்துகளுக்கும் பயன்பட்டதாம்! கிளைவ் குடும்பத்தின் சேகரிப்பில் நம் தெய்வ உருவங்களும் உண்டு.

கோயிலில் தீபாராதனையுடன் வணங்கும் மூர்த்தியைக் கண்ணாடிப் பேழைக்குள் காணும் பிள்ளைகள், “சுவாமி ஏன் இங்கே இருக்கிறார்?” என்று நிச்சயம் கேட்பார்கள். பெற்றோர்களே, விடையைத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள். கட்டுச்சோற்றைவிட அதுவே முக்கியம்.