பள்ளிக்கூடம் ஊருக்குச் சொன்ன சேதி

தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் அன்றாடச் சேதி நெடுங்காலம் மூன்று வழிகளில் பரவிவந்தது: காலைப் பிரார்த்தனைக் கூட்டம், வகுப்பு வகுப்பாகச் சுற்றிவரும் சர்க்குலர் நோட்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே மாட்டிய அறிவிப்புப் பலகை. இவை பள்ளிக்குள் இருப்பவர்களுக்கு. வெளியில் இருப்பவர்களுக்கு ஆண்டு விழா, பரிசளிப்பு, தேர்வு முடிவு. இந்த ஏற்பாட்டில் பெரும்பகுதி 1840களுக்குப் பிறகு உருவானது. பள்ளி தன்னைப் பற்றி யாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை இருந்தது. முதலில் கொடையாளர், பிறகு அதிகாரி, அதன்பின் ஊர், கடைசியாகப் பெற்றோர். பள்ளிச் செய்தியின் வரலாறு இந்த வரிசையில்தான் நகர்கிறது.

அதற்கு முன்பிருந்த திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அறிவிப்பு தேவைப்படவில்லை. ஆசிரியர் ஊருக்குள்ளேயே இருந்தார். பிள்ளைகள் அதே தெருவில் வளர்ந்தார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய விடுமுறை எல்லோருக்கும் தெரிந்தது. விஜயதசமியில் புதிதாகச் சேர்க்கும் பிள்ளைக்கு நெல்லில் எழுதவைத்தார்கள். நவராத்திரி நாட்களில் வாத்தியாரும் மாணவர்களும் பாட்டும் கோலாட்டமுமாக வீடு வீடாகப் போவதுண்டு. வீட்டார் தரும் பணம் வாத்தியாருக்குச் சேரும். பிள்ளை என்ன கற்றான் என்பதை ஊர் தன் வாசலிலேயே கேட்டுக்கொண்டது. ஆண்டு விழாவின் முன்னோடியைத் தேடுவோர் இங்கிலாந்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் இந்த வாசற்படிக் கச்சேரியைத் தவறவிடுவார்கள்.

சென்னையில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றியபோது நிலைமை மாறியது. 1837 ஏப்ரலில் ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1841இல் எல்பின்ஸ்டன் பிரபு ஆளுநராக இருந்தபோது அரசு உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் தலைமையாசிரியர் ஏயர் பர்ட்டன் பவல். அடுத்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளி கறுப்பர் நகரத்தில் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் மூன்று பள்ளிகள். மூன்றும் தம்மை நகரத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. நன்கொடையால் நடந்த பள்ளி நன்கொடையாளருக்கும், அரசுப் பணத்தில் நடந்தது அரசுக்கும், மிஷன் பள்ளி கடல் கடந்த திருச்சபைக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்கு பொதுத் தேர்வு என்ற பெயரில் நடந்தது. இன்று அந்தச் சொல்லுக்குள்ள பொருள் வேறு. அன்று மாணவர்களை மண்டபத்தில் நிறுத்தி, நகரத்துப் பெரிய மனிதர்கள் முன்னிலையில் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள். மாணவன் ஆங்கிலத்தில் வாசிப்பான், கணக்குப் போட்டுக் காட்டுவான், பூகோளத்தில் கேட்டதற்குப் பதில் சொல்வான். முடிவில் பரிசு, பிறகு தலைவரின் உரை. ஆண்டு விழாவின் எலும்புக்கூடு இதுதான். பச்சையப்பர் பள்ளிக்கு இந்த நிகழ்ச்சி உயிர்நாடியாக இருந்தது. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தபின் அவருடைய உயிலின்படி தர்மம் நடக்காமல் பணம் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அதை வழக்காடி மீட்டவர்களுள் முக்கியமானவர் அரசின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். மீட்ட பணம் எங்கே போகிறது என்று நகரம் பார்த்துக்கொண்டிருந்தது. சைனா பஜாரில் கிரேக்கக் கோயிலின் சாயலில் தூண்கள் நிறுத்திக் கட்டப்பட்ட பச்சையப்பர் மண்டபம் 1850இல் ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சரால் திறக்கப்பட்டது. பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சிகளில் ஜான் புரூஸ் நார்ட்டன் போன்றோர் ஆற்றிய உரைகள் பரிசு வாங்கிய பையன்களைத் தாண்டி அரசின் கல்விக் கொள்கையையும் தொட்டன. பள்ளி மேடை ஊர்ப் பிரச்சினை பேசும் மேடையாவது அப்போதே தொடங்கிவிட்டது.

பரிசு அந்தக் காலத்தில் வெறும் மரியாதையாக நிற்கவில்லை. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த ஏழைச் சிறுவன் முத்துசாமி பவலின் பள்ளியில் படித்து, 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றான். குடும்பங்கள் மாதம் சில ரூபாயில் வாழ்ந்த காலம் அது. அந்தப் பெயர் அரசு அலுவலகங்களில் தெரிந்துபோனது. அவர்தான் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான திருவாரூர் முத்துசாமி ஐயர்.

ஆண்டர்சன் பள்ளியின் சேதியோ நகரத்தைக் கொதிக்கவைத்தது. 1841இல் மாணவர் சிலர் கிறித்தவத்துக்கு மாறியபோது பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள், வகுப்புகள் காலியாயின. பள்ளிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு என்று சென்னைப் பெற்றோர் உணர்த்திய முதல் பெரிய சந்தர்ப்பம் இது எனலாம். பச்சையப்பர் பள்ளிக்குப் பெருகிய ஆதரவையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கல்விச் செய்தியை ஊருக்குக் கொண்டுசெல்வதில் யாழ்ப்பாணம் சென்னைக்கு முந்தியது. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது; அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி வந்தது. 1841 ஜனவரியில் தோன்றிய ‘உதயதாரகை’ தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சான இதழ். அதை நடத்திய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அந்தச் செமினரியின் வார்ப்புகள். கல்விச் செய்தி பத்திரிகைச் செய்தியானதற்கு இதைவிடப் பழைய தமிழ்ச் சான்று காண்பது அரிது. பின்னாளில் யாழ்ப்பாணத்துப் பள்ளி நிகழ்ச்சிகளில் கிரிக்கெட் முன்னுக்கு வந்தது. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் ஆட்டம் 1904இல் தொடங்கியது. ‘வடக்கின் பெரும் சமர்’ என்று பெயர் பெற்ற அந்த ஆட்டத்துக்குப் பழைய மாணவர்கள் வெளியூர்களிலிருந்தும் வந்து சேர்கிறார்கள்.

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தர வழி செய்தது. மானியம் வந்ததும் அதைச் சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். அன்றுமுதல் பள்ளியின் மிகப் பெரிய நாள் இன்ஸ்பெக்‌ஷன் நாளாக மாறியது. சுவருக்குச் சுண்ணாம்பு, பதிவேடுகளுக்கு அட்டை, முதல் வரிசையில் நன்றாகப் படிக்கும் பையன்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் முறையும் இருந்ததால், ஒரு மாணவன் தடுமாறினால் பள்ளியின் வருமானமே குறையும். அந்தக் காலத்துப் பள்ளிகள் அதிகாரியைப் பார்த்துத்தான் பேசின. பெற்றோர் கேட்கும் இடத்தில் இல்லை. இது பெரும் இழப்பு. அந்தப் பழக்கத்தின் தழும்பு இன்றுவரை போகவில்லை.

ஆண்டு விழா அந்தச் சூழலிலும் பிழைத்துக் கிடந்தது, நல்ல தலைமையாசிரியர்களின் புண்ணியத்தில். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904ஆம் ஆண்டுப் பரிசளிப்பில் கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசை ஒரு மாணவனுக்கு வழங்கும்போது, இவனுக்கு முழு மதிப்பெண்ணையும் தாண்டிக் கொடுக்கலாம் என்ற பொருள்படத் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் மேடையில் பேசினார். மாணவன் சீனிவாச ராமானுஜன். அடுத்த சில ஆண்டுகளில் கல்லூரித் தேர்வுகளில் அவர் தவறினார். உலகம் கைவிட்ட அந்த ஆண்டுகளில் அவருடைய திறமைக்கு ஊரறியக் கிடைத்திருந்த சாட்சியங்களில் இந்தப் பரிசளிப்பும் ஒன்று.

தேர்வு முடிவு தனிச் செய்தியாக வளர்ந்தது பல்கலைக்கழகத்தால். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் அமைந்தபின் மெட்ரிகுலேஷன் தேர்ச்சிப் பட்டியல் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அச்சானது. 1911 முதல் அதன் இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. தேர்வுக்கு முன்பே பள்ளி ‘செலக்‌ஷன்’ வைத்து, யார் எழுதலாம் என்று தீர்மானித்துப் பட்டியல் ஒட்டும். பல குடும்பங்களுக்கு அரசு முடிவைவிடப் பள்ளிச் சுவரில் ஒட்டிய இந்தப் பட்டியலே பயம் தந்தது. அதில் பெயர் இல்லையென்றால் ஓர் ஆண்டு போயிற்று. பின்னர் நாளிதழ்கள் தேறியவர்களின் பதிவெண்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டன. எண் இருந்தால் பாஸ். ஒரு பிரதி வாங்கிவந்தால் தெருவே கூடிப் பார்க்கும்.

பள்ளிக்குள் புழங்கிய சேதியின் வடிவங்கள் இந்த இடைக்காலத்தில்தான் நிலைபெற்றன. பெரும்பாலான ஊர்களில் மணி என்பது கயிற்றில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதை அடிக்கும் முறையே ஒரு மொழி: பீரியடுக்கு ஒற்றையாக, இடைவேளைக்கு இரட்டையாக, வீட்டுக்கு விட ‘லாங் பெல்’. நேரமல்லாத நேரத்தில் நீண்ட மணி அடித்தால் ஏதோ பெரிய செய்தி என்று மாணவர்கள் புரிந்துகொள்வார்கள். சர்க்குலர் நோட்டு தலைமையாசிரியரின் கையெழுத்தோடு பியூன் கையில் வரும். நடந்துகொண்டிருக்கும் பாடம் நிற்கும். ஆசிரியர் வாசிப்பார், கையெழுத்திடுவார், நோட்டு அடுத்த வகுப்புக்குப் போகும். ஃபீஸ் கட்டக் கடைசி நாள், அம்மை குத்த வருவோர் வரும் நாள், ஸ்கௌட்டில் சேர விரும்புவோர் பெயர், மழை விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு, ஓர் ஆசிரியரின் மாற்றல் எல்லாம் ஒரே நோட்டில் அடுத்தடுத்துக் கிடக்கும். பிரார்த்தனைக் கூட்டத்தில் குறளும் அன்றைய நாளிதழ்ச் செய்தியும் மாணவர் வாயால் வந்தன. கூச்சம் போக்கிப் பேசக் கற்றுத்தந்த இடம் என்று அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லலாம். இலக்கிய மன்றங்களும் கையெழுத்துப் பத்திரிகைகளும் அதன் நீட்சி. நல்ல கையெழுத்துள்ள மாணவர் ஒரே பிரதியை எழுதுவார், ஓவியம் வரத் தெரிந்தவர் அட்டை போடுவார், அது கை மாறிக் கிழியும்வரை படிக்கப்படும்.

ஊர் மறுபடியும் பள்ளிக்குள் வந்தது 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில். காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநர். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் தொடங்கிய இந்த மாநாடுகள் மாவட்டம்தோறும் பரவின. நடைமுறை எளிது. ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊராரிடம் முன்கூட்டியே வைத்தார்கள்: பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், ரேடியோ, குடிநீர், ஒரு கூடுதல் அறை, விளையாட்டுத் திடலுக்கு நிலம். வசதியுள்ளவர் கட்டடம் ஏற்றார். இல்லாதவர் ஒரு நாற்காலி ஏற்றார், சிலர் உடலுழைப்புத் தந்தார்கள். மாநாட்டில் அவை அறிவிக்கப்பட்டன. நூறாண்டுக்கு மேலாகத் தன் சாதனையை மட்டும் மேடையேற்றிய பள்ளி, முதன்முறையாகத் தன் குறையை ஊரறியச் சொன்னது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் நடத்திய நிகழ்ச்சிகளிலேயே அதிகப் பயன் தந்தவை இந்த மாநாடுகள்தான். சைனா பஜார் மண்டபத்தில் கொடையாளர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். இங்கே கூலிக்காரரும் கொடையாளரானார்.

அதன்பின் பள்ளி நாட்காட்டி வேகமாக நிரம்பியது. 1962 முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். நவம்பர் 14 குழந்தைகள் தினம். 2006 முதல் காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். 1970இல் அரசாணை பிறந்தபின் விழாக்கள் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கின. 1978இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளுக்கு வந்தன. 1980இல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. அதோடு தேர்வு முடிவு மற்ற எல்லாச் சேதியையும் விழுங்கத் தொடங்கியது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம், பாட வாரியாக முதலிடம் என்று படங்களோடு பள்ளி வாசலில் பேனர்கள் எழுந்தன. ஆண்டு முழுதும் வேறு எதுவும் நடக்காததுபோல் மே மாதத்து மதிப்பெண் ஒன்றே பள்ளியின் அடையாளமாயிற்று. இது மாணவர்களுக்குச் செய்த தீங்கு சிறியதன்று. 2017இல் தமிழக அரசு தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது சரியான முடிவு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோரைச் செய்தி கேட்பவர் நிலையிலிருந்து முடிவெடுப்பவர் நிலைக்கு உயர்த்தியது. அதன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சட்டம் 8ஆம் வகுப்போடு நின்றாலும் குழுவின் வழக்கம் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா, பாட்டும் பறையும் ஓவியமும் தெரிந்த அரசுப் பள்ளி மாணவர்களை மாநில மேடைவரை கொண்டுபோகிறது. அறிவிப்புகள் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் வருகின்றன. சர்க்குலர் நோட்டு பல பள்ளிகளில் மெல்ல மறைகிறது.

இந்த மாற்றத்தில் ஒன்று கவனிக்கப்பட வேண்டும். சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். அதைப் பள்ளி காப்பாற்றும். சர்க்குலர் நோட்டு, விழா அழைப்பிதழ், ஆண்டறிக்கை, கையெழுத்துப் பத்திரிகை, சீரமைப்பு மாநாட்டில் பொருள் தந்தவர்களின் பட்டியல் ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அலமாரி நிரம்பினால் எடைக்குப் போகின்றன. ஓர் ஊரில் முதலில் படித்த பெண்பிள்ளைகள் யார், பஞ்ச காலத்தில் எத்தனை பேர் நின்றார்கள், எந்த ஆண்டு எந்த நோய்க்குப் பள்ளி மூடியது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். நூற்றாண்டு கொண்டாடும் பள்ளிகளும் அவற்றின் பழைய மாணவர் சங்கங்களும் நினைவு வளைவு கட்டுவதற்கு முன் இந்தக் காகிதங்களைத் திரட்டி, படம் பிடித்து, பட்டியலிட்டு வைக்க வேண்டும்.