பெண்களின் இரவுப் பணி: தடையும் தீர்ப்பும்

பெண்கள் ஆலைகளில் இரவுப் பணி செய்யலாமா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டு பழமையானது. 1919 இல் வாசிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, அப்பணியைத் தடை செய்யும் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66 ஆவது பிரிவு, காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பெண்களைப் பணியமர்த்த அனுமதித்தது. மாநில அரசு இந்நேரத்தை மாற்றியமைத்தாலும், இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரையிலான தடையை நீக்க அச்சட்டத்தின்படி இயலாதிருந்தது.

இத்தடை பெண்களுக்குப் பாதுகாப்பு என்றனர் ஒரு சாரார். வேலைவாய்ப்பையும் வருவாயையும் பறிக்கிறது என்றனர் மறு சாரார். செவ்வாப்பேட்டையை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் இரவு ஷிப்ட் வழக்கமானது என்பதால், அங்குள்ள பெண்களுக்கு இது வாழ்வாதாரக் கேள்வியாகும்.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இத்தடை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் தொல்லைத் தடுப்பு ஆகியவற்றை நிருவாகத்தின் கடமையாக்கியது. இரவின் ஆபத்துக்காகப் பெண்ணை விலக்குவதை விடுத்து, ஆபத்தை நீக்கும் பொறுப்பை நிருவாகத்திடம் ஒப்படைத்ததே இத்தீர்ப்பின் சிறப்பு.

2020 இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, இரவுப் பணிக்குப் பெண்ணின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. எனினும், மறுத்தால் வேலை போகும் என்று அஞ்சுபவர் தரும் சம்மதம் உண்மையான சம்மதம் ஆகாது.